தை பிறந்தும் கோழி முட்டை போடவில்லையா? நம்மூரில் நடக்கும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இறகு கொட்டி ஒடுங்கிக் கிடந்த கோழிகள் தை, மாசியில் மறுபடி முட்டைக்கு வரும். ஆடியில் பொரித்த விடைக்கோழிகளுக்கும், அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகளுக்கும், ஏறக்குறைய இதுதான் பருவம். கொண்டை சிவக்கும், முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காரும், விறகு அடுக்கிய மூலையை எல்லாம் எட்டிப் பார்த்துக் கொக்கரித்துத் திரியும். இந்த நேரத்தில்தான் நம்மாட்கள் யூடியூபைப் பார்த்து ஏதாவது செய்து வைக்கிறார்கள்.

முதலில், முட்டைக்காகக் கோழிக்கூட்டில் பல்பு எரியவிடுவது. குளிர் நாடுகளில் பனிக்காலப் பகல் எட்டு ஒன்பது மணி நேரமாகச் சுருங்கிவிடும், வசந்தத்தில் பகல் நீண்டால்தான் கோழியின் உடம்பு முட்டைக்குத் தயாராகும், அதனால் அங்கே விளக்குப் போடுகிறார்கள், அது சரி. நம் குமரி மாவட்டத்து நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மணி நேரம்தான். முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் லேயர் கோழிக்கு விளக்கால் பலன் உண்டு, விளையில் (தோட்டத்தில்) மேயும் நாட்டுக்கோழிக்கு அந்தக் கரண்ட் காசைத் தீவனத்தில் போடலாம். நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதம் ஆகாமல் முட்டைக்கு வராது, அதற்கு முன் அவசரப்படுத்தியும் பயனில்லை.

உண்மையான பிரச்சினை பெரும்பாலும் தீனிதான். மிச்சச் சோறு, அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய்ப் புண்ணாக்கு என்று போட்டால் வயிறு நிறையும், கொழுப்பும் ஏறும், ஆனால் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் போகிறது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பிறகு ஓடில்லாத தோல்முட்டை போடும், கால் தள்ளாடும். கடலோரத்தில் இருந்துகொண்டு இதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. சிப்பி அவித்துத் தின்றபின் குப்பையில் போடும் ஓட்டை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அரிசிக் குருணை அளவுக்கு இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்தும். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது என்பதால் சாயங்காலம் சிரட்டை காலியாக இருக்கக் கூடாது. லேயர் தீவனம் வாங்குகிறவர்கள் அதைக் குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மரச்சீனித் தோலைப் பச்சையாகப் போடுவதும், கருவாட்டுத் தலையை உப்போடு அள்ளிப் போடுவதும் அதைவிட மோசம்.

முதல் முட்டை கோலிக்குண்டு மாதிரி சின்னதாக இருக்கும், சிலசமயம் மஞ்சள்கரு இருக்காது, ஓட்டில் ஒரு பொட்டு ரத்தம்கூட இருக்கும். உடனே மருந்துக்கு ஓட வேண்டாம், சில வாரத்தில் சரியாகும். தினமும் ரத்தம் பட்டால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தச் சின்ன முட்டைகளை அடைக்கு வைப்பதும் தவறு, குஞ்சும் சின்னதாகத்தான் வரும்.

முட்டையே காணோம் என்கிறவர்கள் கோழியைக் குறை சொல்லுமுன் வாழையின் அடியையும் ஓலைக்குவியலையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். இருட்டான, தரையிலிருந்து சற்று உயர்ந்த இடத்தில் பழைய ஓலைப்பெட்டியில் வைக்கோல் போட்டு ஒரு முட்டையை விட்டுவைத்தால் அங்கேயே வந்து இடும், காலை பத்து மணி வரை கூட்டைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், முட்டை எடுக்காமல் குவியவிட்டால் நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும், 21 நாள் பொரிப்பும் குஞ்சு வளர்ப்புமாகச் சில மாதம் முட்டை கிடையாது. குஞ்சு வேண்டாதவர்கள் அன்றன்று எடுக்க வேண்டியதுதான்.

எடுத்த முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், மேலே இருக்கும் பாதுகாப்புப் படலம் போய்விடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், சமைக்குமுன் கழுவிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் வந்தால் விளையில் ஒரு கோழி மிஞ்சாது. பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கான இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். முட்டை இட ஆரம்பித்தபின் ஊசி போட்டால் சில நாள் முட்டை குறையலாம், அதனால் விடைக்கோழிக்கு அதற்கு முன்பே போட்டுவிடுங்கள், ஒரு வாரம் முந்தியே குடற்புழு மருந்தும் கொடுங்கள். தூங்கி வழிகிற கோழியைக் கூடையில் போட்டு முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நோய் வந்தபின் இந்த ஊசி அதைக் காப்பாற்றாது, வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டுக் கோழிக்கும் ஒட்டிக்கொள்ளும்.