உணவகச் சுவருக்கு நிலக்காட்சிப் படம்: காரைக்குடியில் அடிக்கடி நேரும் தவறுகள்

காரைக்குடி உணவகம் ஒன்றில், ஆறடி அகலமுள்ள கண்மாய்ப் படத்துக்கு எதிரே அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர், இலை போடும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் வைக்க வந்த இளைஞரிடம், "இது எந்த ஊருக் கம்மாய் தம்பி? தண்ணி இம்புட்டு நீலமாக் கெடக்கு?" என்று கேட்டார். "நம்ம பக்கந்தான் ஆச்சி" என்று அவர் சொன்னபோது ஆச்சி நம்பவில்லை. அந்தப் படத்துக்குப் பிரேம் போட்டு மாட்டியவன் என்ற முறையில் அருகில் நின்ற எனக்கு, ஆச்சியின் ஐயம் முழுக்க நியாயமாகவே பட்டது. கண்மாய் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அச்சுக்குப் போகும் முன் யாரோ நீலத்தையும் பச்சையையும் ஏற்றிவிட்டதால், செம்மண் கரைந்து காவியாகக் கிடக்க வேண்டிய நீர், கடல் நீரைப் போல மாறியிருந்தது.

உணவகத்துக்குப் படம் வாங்குவதில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றே. வாங்குபவர் கடையின் வெள்ளை வெளிச்சத்தில் நின்றுகொண்டோ, கைபேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டோ படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அதைப் பார்க்கப் போகிறவரோ நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் விளக்கின் கீழே, எதிரே இருப்பவரின் தலைக்கு மேலே, அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பார்க்கிறார். இந்த இரண்டு பார்வைகளும் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படமும் அந்தக் கூடத்தில் ஒட்டாது.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் தவறு நேர்கிறது. பனிமலையும், இலையுதிர்காலச் சிவப்பு மரங்களும், கேரளத்துக் காயலில் மிதக்கும் படகு வீடும் காரைக்குடிச் சுவரில் மாட்டப்படுவதற்கு, அவை அச்சுக்கடைக்காரரின் கணினியில் ஏற்கெனவே தயாராக இருப்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் கண்டதில்லை. வெளியூர்க் காட்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் ஊர் இது; அக்காலத்து ரங்கூன் துறைமுகமோ பினாங்குக் கடற்கரையோ இங்குள்ள சுவருக்கு முழு உரிமையோடு வரலாம். ஆனால் 'கிராமம்' என்ற பெயரில் தென்னந்தோப்பையும் வாய்க்காலையும் மாட்டிவிட்டு அதைச் செட்டிநாடு என்று சொல்வது, உள்ளூர்க்காரருக்கு உறுத்தும். வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தவறான செய்தியைச் சொல்லும். இந்த மண்ணின் காட்சி செம்புரைத் தரையும், பனையும், படித்துறை கட்டிய ஊருணியும், கோடையில் வெளிறிப்போகும் வானமுமாகும். மழைக்குப் பிறகு மாலை நான்கரை மணி வெயிலில் ஊருணிப் படிக்கட்டு எடுக்கும் நிறத்துக்கு எந்தப் பனிமலையும் ஈடாகாது என்பது என் துணிபு.

உள்ளூர்க் காட்சி என்பதாலேயே எல்லாம் பொருந்திவிடும் என்று எண்ணுவதும் தவறே. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கண்மாய்த் தரையைப் புகைப்படக் கலைஞர்கள் விரும்பி எடுப்பார்கள். அது நல்ல படமாகவும் இருக்கும். ஆயினும் சாப்பிட உட்காருபவரின் எதிரே வறட்சியை மாட்டுவது இங்கே யாருக்கும் இதமாக இராது. கோயில் கோபுரம் தெரியும் காட்சிகளிலும் கவனம் தேவை. பிள்ளையார்பட்டிக் கோயிலையோ குன்றக்குடி மலையையோ அசைவம் பரிமாறும் கூடத்தில், எச்சில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால், பலர் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் மனம் சுளிப்பார்கள். அத்தகைய படம் வேண்டுமென்றால் நுழைவுப் பக்கத்து முகப்பில் அதற்கு இடம் கொடுக்கலாம்.

நிலக்காட்சி என்றால் அடிவானமும் அதற்கு மேலே வானமும் இருந்தே தீர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும், அன்னமும், எருமையும், யானையும், பூப் பறிக்கும் மனிதர்களும் நிறைந்த அந்தக் காட்சியில் அடிவானமே கிடையாது. தாமரையே பரப்பு முழுவதையும் நிரப்பி நிற்கிறது. தாழ்ந்த கூரையும் குறுகிய சுவரும் உள்ள உணவகங்களுக்கு, தொலைவைக் காட்டும் மலைக்காட்சியைவிட இப்படி அருகில் நின்று பார்க்கும் குளமோ தோப்போ நன்றாகப் பொருந்தும்.

தரையும் சுவரும் சண்டையிடக் கூடாது

செட்டிநாட்டு உணவகங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பல கூடங்களில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதில் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. அரக்குச் சிவப்பு, கரும்பச்சை, மஞ்சள் என்று தரை முழுவதும் பூவும் கட்டமுமாக ஏற்கெனவே உரத்துப் பேசிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே, சூரியகாந்தித் தோட்டத்தின் மீது சிவந்த அந்தி வானம் என்று இன்னொரு உரத்த படத்தை மாட்டினால், கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலையும். ஆத்தங்குடித் தரை உள்ள கூடத்துக்கு வெறுமை அதிகமுள்ள படமே ஏற்றது. முக்கால் பங்கு வானமும், கீழே ஒற்றை வரிசைப் பனையும், ஒரு கீற்றுத் தண்ணீரும் போதும். படத்துக்கும் கூடத்துக்கும் உறவு வேண்டுமென்றால், தரையில் உள்ள நிறங்களில் ஒன்றே ஒன்றை, அதிலும் குறைவாக இருக்கும் நிறத்தை எடுத்துக்கொண்டு, அது படத்தில் எங்காவது சிறிதளவு தென்படுமாறு பார்த்துக்கொள்வது நல்லது. எல்லா நிறத்தையும் பொருத்த முயன்றால் படம் தரையின் தொடர்ச்சியாகிவிடும்.

இதற்கு மாறாக, வெள்ளை வழவழப்புத் தரையும் வெள்ளைச் சுவருமாக இருக்கும் புதிய கட்டடங்களில் நிறத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். அங்கே வெறுமையான படம் மருத்துவமனைக் கூடத்தை நினைவூட்டும்.

எந்த உயரம், எந்த அளவு

படக்கூடங்களில் நின்று பார்ப்பவருக்காகப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குல உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம். உணவகத்தில் அந்த அளவை அப்படியே பின்பற்றுவதும், காரணமின்றி அதைவிட மேலே ஏற்றுவதும் அடிக்கடி நேரும் தவறுகளாகும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 48 அங்குலத்தில்தான் இருக்கும். சுவரை ஒட்டி மேசை இல்லாமல் நடைபாதை மட்டும் இருந்தால், படத்தின் நடுவை 50 அங்குலத்தை ஒட்டி இறக்கலாம். சுவருக்கு முதுகு காட்டி ஆட்கள் உட்காரும் இடத்தில் தலை மறைக்கும் என்பதாலும், எண்ணெய்த் தலை படத்தில் உரசும் என்பதாலும், பிரேமின் கீழ் விளிம்பு 54 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

"பழைய வீட்டுப் பட்டாலையில் படமெல்லாம் உத்திரத்தை ஒட்டித்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே மாட்டியிருப்பவை முன்னோரின் உருவப்படங்களும் சாமி படங்களுமாகும். அவற்றை மேலே வைப்பது மரியாதை. அப்படி மேலே மாட்டும்போது தலைப்பக்கத்தை முன்னோக்கிச் சாய்த்தே மாட்டினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சாய்வினால் கீழே பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் தெரிந்தது; முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசுவதும் குறைந்தது. இன்று உயரத்தை மட்டும் பார்த்துச் செய்கிறோம், சாய்வை மறந்துவிடுகிறோம்.

அளவைப் பொறுத்தவரை, பெரிய சுவரின் நடுவே அஞ்சல் தலை ஒட்டியது போலச் சிறு படம் மாட்டுவதும் தவறு. நான்கடி தொலைவில் உட்காருபவருக்கு ஆறடிப் படம் காட்டுவதும் தவறு. படத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்குத் தொலைவு இருந்தால் கழுத்தைத் திருப்பாமல் முழுப் படத்தையும் பார்க்கலாம் என்பது கைவசமுள்ள எளிய கணக்கு. ஆறடிக்கு நாலடிப் படத்துக்குப் பத்துப் பதினோரு அடி வேண்டும். பெஞ்சுக்கோ மேசைக்கோ மேலே மாட்டினால், படம் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை இருப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இரண்டு மூன்று நிலக்காட்சிகளை ஒரே வரிசையில் மாட்டுபவர்கள் பிரேமின் மேல் விளிம்பைச் சமப்படுத்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு படத்தில் அடிவானம் மேலேயும் அடுத்ததில் கீழேயும் இருந்தால், பிரேம்கள் நேராக இருந்தும் வரிசை கோணலாகத் தெரியும். ஆகவே தேர்ந்தெடுக்கும்போதே அடிவானக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பெரிய அச்சுக்குக் கோப்பு போதுமா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 72 அங்குல அகலத்தை அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் அச்சிட 7,200 புள்ளிகள் தேவை. 4,000 புள்ளி அகலமுள்ள கைபேசிப் படத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 55 புள்ளிகளே கிடைக்கும். அதையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருங்கிவிடும். தொலைவில் நின்று பார்க்கும் விளம்பரப் பலகைக்கு அது போதலாம். கையெட்டும் தொலைவில் அமர்ந்து சாப்பிடுபவருக்குப் பனையோலை வெறும் பச்சைக் கறையாகத் தெரியும்.

வெளிச்சமும் அடுப்படியும்

இரவு வியாபாரத்தை நம்பியிருக்கும் உணவகங்களில் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் விளக்குகளே பெரும்பாலும் இருக்கும். அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு என்பதால், பகலில் பளிச்சென்று இருந்த நீல வானமும் ஏரியும் இரவில் சாம்பல் பூத்துப் போகும். காவியும் மஞ்சளும் பழுப்பும் செழித்துத் தெரியும். நீலம் மிகுந்த படத்தை விரும்பினால், நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் (CRI) 90-க்கு மேல் குறிக்கப்பட்ட விளக்கு ஒன்றை அந்தப் படத்துக்கென்றே மேலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில் போட வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரே சாதாரணக் கண்ணாடி போட்ட படத்தை மாட்டினால், பார்ப்பவருக்குத் தெருவும் தன் முகமுமே தெரியும். அங்கே கண்ணாடி இல்லாத கேன்வாஸோ, மங்கல் பூச்சுள்ள அக்ரிலிக்கோதான் சரி. மேற்கு வெயில் நேராக விழும் சுவரைக் கூடியவரை தவிர்த்துவிட வேண்டும். அது முடியாதபோது சாய மையைத் தவிர்த்து நிறமி மையால் அச்சிடச் சொன்னால் நிறம் வெளுப்பது தாமதமாகும்.

அடுப்படி வாசலைச் சொல்லாமல் விட முடியாது. மிளகாய் வறுத்து, எண்ணெய் காய்ந்து தாளிக்கும் சமையல் நம்முடையது. அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன. பூச்சில்லாத கேன்வாஸ் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். தூசி அதன்மேல் படியும். பிறகு துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். அடுப்படி வாசலுக்கும் கை கழுவும் இடத்துக்கும் அருகே ஈரத்துணியால் துடைக்கத்தக்க பரப்புள்ள படத்தையே மாட்ட வேண்டும்; அசல் ஓவியத்தை அங்கே மாட்டவே கூடாது.

சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கும் முன்

என்னைப் பெரிதும் வருத்துவது இதுதான். பழைய வீடுகளை உணவகமாக மாற்றும்போது, படம் மாட்டுவதற்காக டிரில்லை எடுத்து நேராகச் சுவரில் வைக்கிறார்கள். சுண்ணாம்பும், கடுக்காய்ச் சாறும், முட்டை வெண்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது; கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அதிர்வோடு துளைக்கும்போது ஓட்டையைச் சுற்றி வட்டமாக அடுக்கு பெயர்ந்து வரும். அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் நிறமும் சேராது, இணைப்பும் நிற்காது. நான் பார்த்த ஒரு கூடத்தில், எட்டுக் கொக்கிகளுக்காகப் போட்ட துளைகளில் ஐந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. அதே பூச்சைப் போட்டுத் தரத் தெரிந்த கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை. இத்தகைய சுவரில், மேலே உள்ள மர உத்திரத்திலோ, ஏற்கெனவே இருக்கும் பழைய ஆணிகளைச் சோதித்து அவற்றிலோ கம்பி இறக்கித் தொங்கவிடுவதே முறை. அதுவும் இயலாவிட்டால், சுவரைத் தொடாமல் மரத்தாங்கியில் நிறுத்தலாம். வழவழப்பான சுவர் என்பதால் ஒட்டும் பிளாஸ்டிக் படத்தை ஒட்டிவிடலாம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுவது என்பதால், அதை மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பும்.

எந்தச் சுவராயினும் பிரேமின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விடுவது நல்லது. மலிவு விலை மரத்தூள் பலகை பிரேம் ஓதத்தில் ஊதிவிடும்; கரையான் நடமாட்டம் இருந்தால் அதன் பின்பலகைதான் முதலில் போகும். பழைய தேக்குச் சட்டங்களை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம்; ஆனால் வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பித் தட்டிப் பார்ப்பது அவசியம்.

இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே இறக்கி அச்சிடுவது சட்டப்படியும் தவறாகும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை அவரையும் அவர் வழியினரையும் சேரும். 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் படத்தை எவரும் அச்சிடலாம். போன மாதம் ஊருணியைப் படம் எடுத்த இளைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உரிய தொகையைக் கொடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன், படத்தின் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து ஒட்டி, சுவருக்குக் கேடு வராதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பகல் ஒன்றரை மணிக்கும் இரவு எட்டரை மணிக்கும் கூடத்தின் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்க்குமாறு நான் கேட்டுக்கொள்வேன். அச்சிடவிருக்கும் படத்தின் ஒரு மூலையை மட்டும் ஓரடிச் சதுரத்தில் அச்சிட்டு அந்தத் தாளின் நடுவே ஒட்டிவிட்டால், அந்த விளக்கில் நிறம் எப்படி நிற்கிறது என்பதும் அதே நாளில் தெரிந்துவிடும்.