திரும்பத் திரும்பக் கழலும் தோள்மூட்டு: நுண்துளைச் சத்திரசிகிச்சையில் கீழ் அங்கரைச் சரியாக வைப்பது எப்படி

கொழும்பில் பாடசாலை ரக்பி ஆடும் பையனுக்குத் தோள் மறுபடி கழன்றால், தியேட்டர் திகதி குறிக்கும் முன் எலும்பைப் பாருங்கள். கிழிந்த லேப்ரத்தை (மூட்டுக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள நார்விளிம்பு) எம்.ஆர்.ஐ. காட்டும், மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் எவ்வளவு எலும்பு போய்விட்டது என்பதை முப்பரிமாண சீ.டீ.யில்தான் நம்பி அளக்கலாம். இழப்பு 20–25 சதவீதத்தை எட்டினால் லேப்ரத்தை அங்கர்களால் (நூல் பூட்டிய சிறு எலும்பு ஆணிகள்) விளிம்பில் தைப்பது மட்டும் நிற்காது, லத்தார்ஜே (தோள்பட்டை எலும்பின் ஒரு துண்டை வெட்டி முன்விளிம்பில் பொருத்துவது) தேவை. பேர்க்ஹார்ட்டும் டி பியரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய எலும்புக் குறை இல்லாதோரில் 4 சதவீதத்தினருக்கும் இருந்தோரில் 67 சதவீதத்தினருக்கும் தோள் மீண்டும் நிலைகுலைந்தது. மேற்கை எலும்பின் பின்பள்ளம் கிண்ண விளிம்பில் மாட்டுமளவுக்குப் பெரிதென்றால் ரெம்ப்ளிசாஜையும் (பின்பக்கத் தசைநாணை அந்தப் பள்ளத்துக்குள் தைத்து நிரப்புவது) சேருங்கள்.

மயக்கம் கொடுத்ததும் இரு தோள்களையும் அசைத்து ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, கையை 30–45 பாகை விரித்து, 4–5 கிலோ இழுவை போட்டால் கிண்ணத்தின் அடிப்பகுதி நன்றாகத் திறக்கும். கமெரா பின்துளையால் போகும். முன்பக்கம் இரண்டு துளைகள். கீழ்த்துளை, தோளின் முன்பக்கத் தசையான சப்ஸ்கப்பியூலாரிஸின் தசைநாண் மேல்விளிம்பை ஒட்டி வரட்டும். தோலை வெட்டுமுன் நீண்ட ஊசியைச் செலுத்தி, அது கிண்ணத்தின் அடிமூலைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.

லேப்ரம் பல வேளைகளில் கிண்ணக் கழுத்தில் கீழிறங்கி ஒட்டிக் கிடக்கும். சப்ஸ்கப்பியூலாரிஸின் சிவந்த நார்கள் தெரியும்வரை விடுவியுங்கள்; பிடியை விட்டதும் அது தானாக விளிம்புவரை மிதந்து வரவேண்டும். வராததை நூலால் இழுத்துக் கட்டினால், ஆறுமுன்னே நூல் திசுவை அறுத்துவிடும். பின்பு கழுத்து எலும்பை இரத்தம் கசியும்வரை சுரண்டுங்கள்.

கிண்ணத்தைக் கடிகார முகமாகக் கொண்டால், முதல் அங்கர் வலத்தோளில் 5:30 மணி நிலையில், இடத்தோளில் 6:30இல். இதிலேதான் அதிகம் தவறுகிறது. துளை உயரமாக அமைந்தால் ட்ரில் சாய்ந்து குருத்தெலும்பின்மேல் வழுக்கும். கடைசியில் வலத்தோளில் அங்கர் 4 மணியில் போய் நிற்கும், மூட்டுறையின் கீழ்ப்பை தளர்ந்தபடியே இருக்கும். விளிம்பிலிருந்து 1–2 மில்லிமீற்றர் கிண்ண முகத்துக்குள், 45 பாகையில் துளையுங்கள். நூலை அங்கருக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் கீழே மூட்டுறையில் கோத்தால், முடிச்சு இறுகும்போது திசு மேலேறும். 6 மணிக்கு நேர்கீழே அக்குள் நரம்பு கிட்டவே ஓடுகிறது. ஊசியை ஆழமாகக் குத்த வேண்டாம். பிறகு வலத்தோளில் 4:30, 3 மணி என மேலேறுங்கள். மூன்று அங்கர்களுக்குக் குறையக்கூடாது. முடிச்சு மூட்டுறைப் பக்கமே இருக்கட்டும். குருத்தெலும்பில் உராய்ந்தால் அது தேயும்.

நான்கு வாரம் சிலிங். முழங்கையும் விரல்களும் முதல் நாளிலிருந்தே அசையட்டும். கையை விரித்து வெளிப்புறம் திருப்புவது 12 வாரம் கூடாது. ரக்பிக்கு ஆறு மாதமாவது வேண்டும். காலி வீதி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால், பிரேக் போடும்போது தோள் அதே நிலைக்குத் தள்ளப்படும். சிலிங் கழற்றும் நாளில் இதைப் பையனிடமும் தாயாரிடமும் விளக்கமாகச் சொல்லி அனுப்புங்கள்.