பாமினிக் கையேட்டை மூடிலுக்குக் கொண்டுவந்தது: என் அனுபவம்

யாழ்ப்பாணத்துப் பணியிடப் பயிற்சிக் கையேடுகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அவற்றை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருப்பதே காரணம். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினேன், சரியாகியது. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் அலங்கோலத் தமிழாகிவிடும். பந்தி பந்தியாக மாற்றி, கொம்பு வரும் எழுத்துகளைக் கண்ணால் சரிபாருங்கள். குறுவிடைக் கேள்விகளின் விடைகளையும் மாற்ற மறக்கவேண்டாம்.

அடுத்த சிக்கல் ஸ்கோர்ம் பொதி, அதாவது மூடில் போன்ற தளங்களில் ஏற்றும் பாடக் கோப்புத் தொகுப்பு. பாதியில் விட்டவர் திரும்பி வந்தால் பாடம் முதற்பக்கத்திலிருந்தே தொடங்கியது. ஸ்கோர்ம் 1.2 இல் விட்ட இடத்தை நினைவில் வைக்கும் தரவுக்கு 4096 எழுத்துகளே எல்லை. நீண்ட பாடம் அதைத் தாண்டிவிடும். ஒரு மணிநேரப் பொதியை 10 நிமிடத் துண்டுகளாக உடைத்ததும் தீர்ந்தது. ஸ்கோர்ம் 2004 பதிப்புக்குத் தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை: மூடிலின் கைத்தொலைபேசிச் செயலி 1.2 ஐ மட்டுமே இயக்கும், இணையம் இல்லாமலும் படிக்க விடும். வெளிக்களப் பணியாளருக்கு அதுதான் பெரிய உதவி.

பொதியைச் சிப் கோப்பாகச் சுருக்கும்போது கோப்புறையை அல்ல, அதன் உள்ளடக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். பொதியில் உள்ளவற்றைப் பட்டியலிடும் மனிஃபெஸ்ட் கோப்பு மேல்மட்டத்தில் இல்லாவிட்டால் பொதி ஏறாது. காணொளிகளுக்கு 480பி தெளிவுத்திறன் போதும்.