கையா, மெஷினா? துணி வெட்டும் முன்பே முடிவெடுக்க வேண்டிய கில்ட்டிங் கேள்வி

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் கில்ட். அதில் துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை ஒட்டுப்போட்டு முடித்த பிறகுதான் பலர் ‘இதைக் கையால் தைக்கலாமா, மெஷினில் ஓட்டலாமா’ என்று யோசிக்கிறார்கள். அதற்குள் பாதி முடிவு தானாக நடந்திருக்கும். வாங்கிய துணி, நடுவில் விரிக்கும் பஞ்சு, தையல் மடிப்பை இஸ்திரி போட்ட பக்கம் எல்லாமே கைவேலைக்கு ஒரு மாதிரி, மெஷினுக்கு வேறு மாதிரி. இங்கே உதாரணத்துக்கு 36-க்கு 45 அங்குலக் குழந்தை கில்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒட்டுப்போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கணக்கு

நீளவாக்கில் 2 அங்குல இடைவெளியில் கோடு போட்டால் 17 கோடுகள். மொத்தம் 765 அங்குலத் தையல். கையால் தைக்கப் பழகுபவர்களுக்கு அங்குலத்துக்கு 6 தையல் வரும். அதாவது சுமார் 4,590 தையல். குறுக்குவாக்கிலும் ஓட்டினால் இது இரட்டிப்பாகும். மெஷினில் இதே நேர்க்கோடுகள் ஒரு மதியத்துக்குள் முடியும்.

அடுத்தது, யார் பயன்படுத்தப்போகிறார்கள்? வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினில் விழும் குழந்தைத் துணி என்றால் யோசிக்காமல் மெஷின் பக்கம் போங்கள். கைத்தையலில் ஒற்றை நூல்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். சுவரில் மாட்டுவதற்கோ மடியில் போர்த்திக்கொள்வதற்கோ என்றால் கைத்தையலின் மென்மைக்கு ஈடு இல்லை.

மெஷின் வேலை மட்டம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். அமெரிக்காவின் படூக்கா நகரில் நடக்கும் கில்ட் கண்காட்சியில் 1989-லேயே முழுக்க மெஷினில் கில்ட் செய்த படைப்பு முதல் பரிசு வாங்கிவிட்டது.

2. துணியும் பஞ்சும்

கைவேலைக்கு ஊசி சுலபமாக இறங்கும் துணி வேண்டும். மல்மல், துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவை போன்றவை அருமை. வங்காளத்துக் காந்தா போர்வையில் பழைய புடவை, வேட்டிகளை அடுக்கித்தான் ஓட்டுத் தையல் போடுகிறார்கள். நடுவில் தனியாகப் பஞ்சு கிடையாது. நெருக்க நெசவுள்ள பெட்ஷீட் துணியும் பாத்திக் துணியும் கைவேலைக்கு ஆகாது. மூன்று அடுக்காக மடித்து ஒரு ஊசியை இறக்கிப் பாருங்கள், விரலே சொல்லிவிடும். மெஷினுக்கு இந்தக் கவலை இல்லை.

நடு அடுக்குக்கு மெத்தைக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலியஸ்டர் ஷீட் மெல்லியதாக இருந்தால் கைக்கு நல்லது, ஊசி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கருநிற மேல்துணி வழியாக அதன் இழை வெள்ளையாக வெளியே வரும். மெஷினுக்குப் பருத்தி பேட்டிங்தான், அதாவது விரிப்பாக வரும் பருத்திப் பஞ்சுதான், என் தேர்வு. துணியைப் பிடித்துக்கொள்ளும், நகராது. முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கம் அழகுதான். தைக்க வேண்டிய அதிகபட்ச இடைவெளி பேட்டிங் பாக்கெட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் துவைத்ததும் பஞ்சு உருண்டு கட்டியாகும். இலவம்பஞ்சு வேண்டாம். இழை குட்டை, வழவழப்பு. ஒன்றோடொன்று பிடிக்காமல் மூலையில் போய்ச் சேரும்.

கையால் தைக்கப்போகிறீர்கள் என்றால் ஒட்டுத் தையல் மடிப்பை ஒரே பக்கமாக இஸ்திரி போடுங்கள். மடிப்பு இல்லாத பக்கத்தில் தையலிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஊசி ஓட்டினால் தடிமன் குறுக்கே வராது. மெஷினில் குறுக்கே நேர்க்கோடு ஓட்டப்போகிறீர்கள் என்றால் மடிப்பை விரித்துப் போடுவது தட்டையாக இருக்கும்.

3. மூன்று அடுக்கையும் சேர்த்தல்: பெரும்பாலான கில்ட்கள் கெடும் இடம்

பின்பக்கம் சுருக்கம் விழுந்தால் எல்லோரும் மெஷினின் டென்ஷனைத் திருகுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை, தரையில் இருக்கும்.

அடித்துணியை நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 44-க்கு 53 அங்குலமாக வெட்டுங்கள். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடுவில், பிறகு மூலைகளில். சுருக்கம் இல்லாத அளவுக்கு இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கும். அந்தச் சுருக்கம் அப்படியே தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே பேட்டிங்கை வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவுங்கள். பிறகு மேல்துணி.

இங்கே இரண்டு வழியும் பிரிகிறது. மெஷினுக்கு ஊக்கு: நடுவில் தொடங்கி, கைமுஷ்டியை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கு தட்டுப்படும் அளவுக்கு நெருக்கமாக, சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்று. கோடு ஓடும் இடத்தில் குத்தாதீர்கள். கைக்கு ஊக்கு வேண்டாம், நூல் அதில் சிக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை நூலால் 4 அங்குலக் கட்டங்களாகப் பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள்.

4. மெஷின் வழி

வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இல்லாமல் தொடங்காதீர்கள். சாதாரண ஃபுட்டில் கீழே உள்ள பல் அடித்துணியை நகர்த்தும், மேல்துணி பின்தங்கும். மாட்டும்போது அதன் கவைக்கரம் ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘வாக்கிங் ஃபுட் போட்டும் சுருங்குகிறது’ என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பிறகு ஃபுட்டின் அழுத்தத்தைச் சற்றுக் குறையுங்கள்.

14 நம்பர் ஊசி, பருத்தி நூல், தையல் நீளம் 3 மி.மீ. முதல் கோடு நட்ட நடுவில். அதிலிருந்து வலப்பக்கமாகக் கோடு கோடாக நகருங்கள். வலப்பாதி முடிந்ததும் கில்ட்டை அப்படியே திருப்பி மறுபாதி. இப்படிச் செய்தால் ஊசிக்கு வலப்பக்கம் மெஷினின் கைக்கு அடியில் உள்ள இடத்துக்குள் எப்போதும் பாதிக்கு மேல் சுருட்ட வேண்டியதில்லை. வீட்டு மெஷினில் அந்த இடம் 6, 7 அங்குலம்தான். டபுள் கட்டில் அளவு கில்ட்டை முதல் முயற்சியாக அதற்குள் திணிக்க வேண்டாம். பூ, வளைவு எல்லாம் போடும் ஃப்ரீ மோஷனும் பிறகு பார்க்கலாம்.

5. கை வழி

பிட்வீன்ஸ் என்ற குட்டை ஊசி, 8 அல்லது 9. நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். சிறு முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஊசியைச் செலுத்தி, வெளியே எடுத்து வெடுக்கென்று இழுங்கள். முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அடித்துணியைத் தொடக்கூடாது.

துணியைப் பிடிக்கும் வளையத்தில் (ஹூப்) துணி கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். எம்ப்ராய்டரி போல இறுக்கினால் ஊசியை மேலும் கீழும் ஆட்டி நாலைந்து தையலைச் சேர்த்து எடுக்க முடியாது. சின்னதாகத் தைக்க முயலாதீர்கள். முதலில் ஒரே அளவு வரட்டும். நடுவிரலில் திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை) கட்டாயம்.

பொறுமை குறைவா? 8 நம்பர் பெர்ல் காட்டன் என்ற தடித்த எம்ப்ராய்டரி நூலில் கால் அங்குல நீளத்துக்குப் பெரிய தையல் போடுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு சிக்கல்கள்

கை கில்ட்டிங் நூலை மெஷினில் போடாதீர்கள். அதன் மெழுகுப் பூச்சு டென்ஷன் தட்டுகளில் படிந்துவிடும்.

இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவால் கோடு போட்டால், கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்ப வரும். கனடாவில் இருக்கும் பேரக்குழந்தைக்கு அனுப்புவதாக இருந்தால் டெய்லர் சாக்பீஸ் போதும். அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரமாகத் தையுங்கள். டேப்பை அன்றன்றே எடுத்துவிட வேண்டும், பசை துணியில் தங்கிவிடும்.