போரான் வினையூக்கியில் சறுக்கும் இடங்கள்

ஒரு சர்க்கரை மூலக்கூறில் பல ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்) இருக்கும்போது ஒன்றில் மட்டும் பென்சாயில் என்ற அசைல் தொகுதியை ஏற்ற வேண்டும். மற்றவற்றை மூடும் பாதுகாப்புத் தொகுதிகளைப் போட்டுக் கழற்றாமல் இதைச் செய்ய முடியும் என்று 2011-ல் டொராண்டோவில் வேதியியலாளர் மார்க் டெய்லரின் குழு காட்டியது. அவர்கள் வினையூக்கியாக எடுத்தது டைஃபீனைல்போரினிக் அமிலத்தின் எத்தனாலமைன் எஸ்டர் என்ற போரான் சேர்மம். செய்முறை எளிதுதான். ஆனாலும் பலருக்குக் கலவையே மிஞ்சுகிறது.

முதல் கோளாறு மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பதிலேயே வரும். போரான் தனி ஹைட்ராக்சிலைத் தேடாது, அடுத்தடுத்து ஒரே பக்கம் நிற்கும் சிஸ் ஜோடியைத் தேடும். மெத்தில் ராம்னோசைடில் 2-ஆம் இடம் ஆக்சியல் (வளையத்துக்குச் செங்குத்து), 3-ஆம் இடம் ஈக்வடோரியல் (வளையத்தின் பக்கவாட்டு). அந்த ஜோடியைப் போரான் பிடிக்கும், பென்சாயில் 3-இல் ஏறும். மெத்தில் குளுக்கோசைடில் 2, 3, 4 மூன்றும் டிரான்ஸ், அதாவது அடுத்தடுத்தவை எதிரெதிர்ப் பக்கம். அங்கே அதே தெளிவை எதிர்பார்க்காதீர்கள். மானோசைடு என்றால் 6-ஆம் இடத்து முதன்மை ஹைட்ராக்சிலை சிலைல் (சிலிக்கான் உள்ள தொகுதி) போட்டு மூடிவிடுங்கள்.

அப்புறம், போரினிக்குக்குப் பதில் போரோனிக் அமிலம் எடுப்பது. அலமாரியில் அதுதான் கைக்கு எட்டும், ஆனால் வேலை நேர் எதிர். போரோனிக் அமிலம் டையாலுடன், அதாவது அந்த ஹைட்ராக்சில் ஜோடியுடன், சேர்ந்தால் மின்சுமையற்ற எஸ்டர் ஆகிவிடும். போரானின் காலி ஆர்பிட்டால் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களை இழுப்பதால் ஆக்சிஜன் மந்தமாகிறது, அதாவது ஜோடி பூட்டப்படுகிறது. போரினிக்கில் இரண்டு அரைல்கள் (பென்சீன் வகை வளையங்கள்) இருப்பதால் டையால் சேர்ந்ததும் நான்கு பிணைப்புள்ள எதிர்மின் அயனி உருவாகும். ஆக்சிஜன் சுறுசுறுப்பாகும். போரோனிக்கையே பயன்படுத்த வேண்டுமென்றால் கூடவே எலக்ட்ரான் ஜோடி தரும் ஒரு லூயிஸ் காரம் தேவை.

வினை மெதுவாக இருக்கிறதே என்று டிஎம்ஏபி (அசைல் ஏற்றத்தை வேகப்படுத்தும் காரம்) சேர்ப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன். அது போரானைக் கேட்காமலேயே எல்லா ஹைட்ராக்சிலிலும் அசைல் ஏற்றும். காரமாக டைஐசோபுரோப்பைல்எத்திலமைன் போதும். போரான் இல்லாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதிலும் அதே வேகத்தில் வினை நடந்தால், கிடைத்த தேர்வு போரானுடையது அல்ல.

கரைப்பான் அசிட்டோநைட்ரைல். மெத்தனால் வேண்டாம், அதுவும் ஆல்கஹால்தானே, பென்சாயிலை அதுவே வாங்கிக்கொள்ளும்.

வினை முடிந்தபின் காரத்தோடு இரவு முழுக்க விட்டுவிடுவதும் தவறு. அசைல் தொகுதி பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவும், நல்ல தேர்வும் மோசமாகத் தெரியும். போரான்-11 என்எம்ஆர் (போரானின் நிலையைக் காட்டும் நிறமாலை) எடுப்பதானால் குவார்ட்ஸ் குழாயில் எடுங்கள். சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் போரானே அகன்ற மேடாக எழுந்து உங்கள் சிக்னலை மறைத்துவிடும்.