சிறிய இறைச்சி மாட்டு மந்தையில் ஈற்றுக்காலம்: புதிதாகத் தொடங்குவோருக்குப் படிப்படியாக

கன்று தாயிடமே பால் குடித்து வளரும் இறைச்சி மந்தையில், தாய்மாடு ஆண்டு முழுவதும் தின்ற தீவனத்துக்குக் கணக்கு நேராவது ஒரே இடத்தில்தான்: அதன் பின்னால் உயிரோடு ஓடும் கன்று. பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவருக்கு ஒரு கன்று போனாலும் பெரிய இழப்பு. பெரும்பாலான மாடுகள் யார் உதவியும் இல்லாமல் தாமாகவே ஈன்றுவிடும். முடியாமல் திணறும் ஒன்றிரண்டை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதற்குக் கைவலுவைவிடக் கடிகாரம்தான் அதிகம் உதவும்.

படி 1: ஈற்றுக்காலத்தைச் சுருக்குங்கள்

இந்த வேலை ஈற்றுக்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்குகிறது. மாட்டின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். இனத்தைப் பொறுத்துச் சில நாள் முன்பின் ஆகும். மார்ச் 1 அன்று காளை சேர்ந்தால் டிசம்பர் 9 வாக்கில் கன்று. பருவச் சுழற்சி 21 நாள் என்பதால், காளையை 63 நாள் மட்டும் மந்தையில் விட்டால் ஒவ்வொரு மாட்டுக்கும் மூன்று வாய்ப்புக் கிடைக்கும். ஈற்றும் ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் முடியும்.

காளையை ஆண்டு முழுக்க உள்ளேயே விட்டுவைத்தால் இரவுக் காவலுக்கும் முடிவிருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, மூன்று மாதக் கன்றும் நேற்றுப் பிறந்த கன்றும் ஒரே பட்டியில் நிற்பது. பெரிய கன்றின் சாணத்தில் வெளியேறும் கிருமி, எதிர்ப்புச் சக்தி இல்லாத சிறியதை நேராகத் தாக்கும்.

தலையீத்துக் கிடேரிகளுக்குப் பிறப்பு எடை குறைந்த, எளிதில் ஈன வைக்கும் காளையையே சேருங்கள். பெரிய கன்று வேண்டும் என்ற ஆசையைக் கிடேரியிடம் காட்டக் கூடாது.

படி 2: கடைசி மூன்று மாதத் தீனி

கன்றின் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சினையின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அப்போது மாட்டின் உடல்நிலையைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் கையாலும் தொட்டுப் பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூராகக் குத்தினால் மாடு மெலிவு. நன்றாக அழுத்திய பிறகே தட்டுப்பட்டால் சரி. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு மிகுதி. 1 முதல் 5 வரையான அளவுகோலில் ஈனும் நேரத்தில் 2.5 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

கொழுத்த மாட்டுக்கு இடுப்புக்குள்ளும் கொழுப்பு படிந்து பிறப்புப் பாதை குறுகும். அதற்காகக் கடைசி மாதத்தில் தீனியைச் சட்டென்று வெட்டுவது தவறு. கன்று சிறுத்துவிடாது, தாய்தான் முக்கத் தெம்பில்லாமல் போகும், சீம்பாலும் குறையும். எடையைக் குறைப்பதோ ஏற்றுவதோ நடுச்சினையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

தாது உப்பில் அயோடின், செலினியம், மக்னீசியம் மூன்றையும் கவனியுங்கள். அயோடினோ செலினியமோ குறைந்தால் கன்று சோர்ந்து பிறக்கும், எழுந்து குடிக்காது. செலினியம் கூடினால் நஞ்சாகும் என்பதால் மருத்துவரிடம் பரிசோதித்துக் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும். கன்றுக் கழிச்சலுக்கான தடுப்பூசியைத் தாய்க்கு, ஈற்றுக்குச் சில வாரம் முன்பு, மருந்துச் சீட்டில் சொன்ன இடைவெளியில் போடுங்கள். அது கன்றுக்குப் போய்ச் சேரும் ஒரே வழி சீம்பால். கன்று சீம்பால் குடிக்காவிட்டால் ஊசி போட்டும் பயனில்லை.

படி 3: இடமும் பொருளும்

பத்து மாட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 4 மீட்டருக்கு 4 மீட்டர் ஈற்றறை போதும். வைக்கோல் பரப்பிய பின் அதில் மண்டியிட்டுப் பாருங்கள். எழும்போது முழங்கால் துணி ஈரமாக இருந்தால் இன்னும் வைக்கோல் போட வேண்டும். மாட்டின் தலையைப் பிடித்து நிறுத்த ஒரு சட்டமும், அது படுத்துவிட்டால் உடனே திறந்துவிட வழியும் இருக்கட்டும். கன்றோடு நிற்கும் தாய், பழகிய மாடாக இருந்தாலும் பாயும். தப்பி ஓட வழியில்லாத இடத்தில் அதனுடன் நிற்காதீர்கள்.

முதல் மாடு ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பெட்டியில் இவற்றை எடுத்து வையுங்கள்: தோள் வரை வரும் கையுறைகள், வழுவழுப்புக் களி சில லிட்டர், கால் கயிறு இரண்டு, தலைக் கயிறு ஒன்று, கிருமிநாசினி, டிங்சர் அயோடின், வாளி, துண்டுகள், வெப்பமானி, வயிற்றுக் குழாயும் பையும், உறைய வைத்த அல்லது தூள் சீம்பால், உப்புக்கரைசல் பொட்டலம், காது வில்லை, டார்ச். கால் கயிறுகள் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் உள்ளே எந்தக் கால் எது என்று குழம்பாது. வழுவழுப்புக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம்; இயல்பாக இருக்கும் வழுவழுப்பையும் அது அரித்துவிடும்.

தீனி போடும் நேரத்துக்கும் ஈனும் நேரத்துக்கும் தொடர்பு உண்டு. ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தீனியை மாலை சாய்ந்த பின் போட்டு வந்தால், பகலில் ஈனும் மாடுகளின் எண்ணிக்கை கூடும். கனடாவின் மனிடோபாவில் மாடு வளர்த்த ஒருவரின் பெயரால் இதைக் கோனஃபால் முறை என்பார்கள். எல்லா மாடும் இதற்குக் கட்டுப்படாது. ஆனாலும் செலவில்லாமல் தூக்கம் மிச்சமாகும்.

படி 4: நெருங்கிவிட்டதா என்று பார்ப்பது

வாலடியின் இருபுறமும் தசைநார் தளர்ந்து குழி விழும். மடி இறங்கி, காம்புகள் விறைத்துப் பளபளக்கும். பிறப்புறுப்பு வீங்கித் தொளதொளக்கும், கெட்டியான சளி தொங்கும். இவையெல்லாம் ‘இன்னும் சில நாள்’ என்ற அறிகுறிகள். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, வாலைத் தூக்கியே வைத்திருப்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது ஆகியவை ‘இன்று’ என்பதற்கான அறிகுறிகள்.

படி 5: கடிகாரத்தைப் பாருங்கள்

ஈற்றில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கருப்பை வாய் விரியும். மாட்டுக்கு 2 முதல் 6 மணி நேரம், கிடேரிக்கு அதைவிட அதிகம் ஆகலாம். தள்ளி நின்று பாருங்கள். அருகில் போய் நின்றால் மாடு மிரண்டு ஈற்றைத் தள்ளிப்போடும்.

பனிக்குடம் வெளியே தெரிந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அந்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள். நல்ல முன்னேற்றம் தெரியாமல் பல ஈற்று கண்ட மாட்டுக்கு அரை மணியும், கிடேரிக்கு ஒரு மணியும் கடந்தால் கை விட்டுப் பார்க்க வேண்டும். ‘முன்னேற்றம்’ என்றால் ஒவ்வொரு முக்கலுக்கும் குளம்பு கொஞ்சம் கூடுதலாக வெளியே வருவது. வந்து வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் அது முன்னேற்றம் இல்லை.

புதியவர்கள் தவறவிடும் நிலை ஒன்று உண்டு. மாடு எட்டு மணி நேரமாக அமைதியின்றி அலைகிறது, முக்கவே இல்லை, குடமும் தெரியவில்லை. கன்றின் பின்பாகம் மட்டும் பாதையில் வந்து உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் இருக்கும்: இடுப்புக்குள் எதுவும் நுழையாததால் மாட்டுக்கு முக்கல் வருவதில்லை. இதையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

படி 6: உள்ளே என்ன இருக்கிறது?

மாட்டின் பின்பக்கத்தையும் உங்கள் கையையும் வெந்நீரும் கிருமிநாசினியும் கொண்டு கழுவி, கையுறை மாட்டி, களியைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். சரியான நிலை என்பது இரண்டு முன்னங்கால்கள், உள்ளங்குளம்பு தரையைப் பார்த்தபடி, முழங்கால்களின் மேல் மூக்கு.

உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்தால் கன்று பின்புறமாக வருகிறது, அல்லது முழு உடலும் புரண்டிருக்கிறது. எது என்று விரல்தான் சொல்ல வேண்டும். குளம்பிலிருந்து மேலே தடவுங்கள். முதல் மூட்டும் இரண்டாம் மூட்டும் ஒரே திசையில் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிர்த் திசையில் மடங்கி, இரண்டாம் மூட்டில் கூரான எலும்பு முனை துருத்தினால் பின்னங்கால். அவசரத்தில் இதைத் தவறவிட்டால், பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு இல்லாத தலையைத் தேடிக்கொண்டிருப்போம். இரண்டு காலும் ஒரே கன்றுடையதா என்பதையும் காலிலிருந்து உடல்வரை தடவி உறுதி செய்யுங்கள். இரட்டைக் கன்றாக இருக்கலாம்.

தலை திரும்பியிருந்தாலோ ஒரு கால் மடங்கியிருந்தாலோ, முக்கல் ஓய்ந்த நேரத்தில் கன்றை மெல்ல உள்ளே தள்ளி இடம் உண்டாக்கி, குளம்பை உள்ளங்கையில் மூடியபடி வெளியே கொண்டுவர வேண்டும். மூடாமல் இழுத்தால் குளம்பு கருப்பையைக் கிழிக்கும். இருபது நிமிடம் முயன்றும் நிலை சரியாகவில்லை என்றால், அல்லது வால் மட்டும் தட்டுப்பட்டால், உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 7: இழுப்பது

கயிற்றுச் சுருக்கைக் கணு மூட்டுக்கு (குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டு) மேலே போட்டு, மூட்டுக்குக் கீழே இன்னொரு அரைமுடிச்சு இடுங்கள். இழுவிசை இரண்டு இடத்தில் பிரிவதால் எலும்பு முறியாது. மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். ஒரு காலைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து, பிறகு அடுத்ததை இழுத்தால் தோள்கள் ஒவ்வொன்றாக நுழையும்.

ஒவ்வொரு காலையும் ஒருவர் இழுத்து, இரண்டு கணு மூட்டும் பிறப்புறுப்புக்கு வெளியே ஒரு கை அகலம் வந்தால் தோள் இடுப்புக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள், கன்று வரும். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக நின்று, தலையும் உள்ளே நுழைய மறுத்தால் கன்று பாதைக்குப் பெரியது, அறுவை தேவைப்படலாம். இரண்டு பேரின் பலத்துக்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். டிராக்டரைக் கட்டி இழுப்பது தாயையும் கன்றையும் சேர்த்துக் கொல்லும்.

தலையும் மார்பும் வந்ததும் இழுக்கும் திசையைத் தாயின் பின்னங்கால் பக்கமாகக் கீழே திருப்புங்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டால் நிறுத்தி, கன்றின் வாயைத் துடைத்து மூச்சு விட வையுங்கள். பிறகு கன்றைக் கால் வட்டம் திருப்பி இழுங்கள். தாயின் இடுப்பு வளையம் அகலத்தைவிட உயரம் கூடியது. திருப்பினால் கன்றின் அகலமான இடுப்பு அந்த உயரத்துக்குப் பொருந்தும். பின்புறமாக வரும் கன்றுக்கு மட்டும் அவசரம் வேண்டும். அதன் இடுப்பு வெளியே வந்ததும் தொப்புள்கொடி நசுங்குகிறது, தலையோ இன்னும் உள்ளே. அங்கிருந்து சில நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும்.

படி 8: முதல் சில நிமிடங்கள்

மூக்கையும் வாயையும் துடைத்து, கன்றை நெஞ்சு தரையில் படும்படி, கால்களை இருபுறமும் மடக்கி உட்கார வையுங்கள். இரண்டு நுரையீரலும் அப்போதுதான் விரியும். மூச்சு வரவில்லையா? வைக்கோல் துரும்பை மூக்குத்துளையில் விட்டுக் குடையுங்கள், காதில் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள், துண்டால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வழிவது பெரும்பாலும் வயிற்று நீர். குடல் வந்து உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு இன்னும் சிரமமாகும்.

தொப்புள்கொடி முழுவதும் அயோடினில் நனையும்படி தோய்த்தெடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும். பிறகு வெளியே வந்து தாயை நக்கவிடுங்கள்.

படி 9: சீம்பால்

கன்று ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் குடித்திருக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தாய் கருவுக்குள் அனுப்புவதில்லை, சீம்பாலில்தான் தருகிறது. அவற்றை அப்படியே உறிஞ்சும் கன்றுக் குடலின் திறன் ஆறு மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைக்க முடியாது.

குடித்ததா என்று அறிய, காம்புகள் ஈரமாகச் சுத்தமாக இருக்கின்றனவா, கன்றின் விலாப் பள்ளம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கவில்லை என்றால் தாயிடம் கறந்து கொடுங்கள். 40 கிலோ கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர், 12 மணி நேரத்துக்குள் இன்னும் 2 லிட்டர்.

உறிஞ்சத் தெம்பில்லாத கன்றுக்கு வயிற்றுக் குழாய். மூக்கு நுனியிலிருந்து, முன்னங்கால் உடலோடு சேரும் இடத்திலுள்ள முழங்கை மூட்டுக்குப் பின்புறம் வரை குழாயை வைத்து அளந்து குறியிடுங்கள். நுனியை நனைத்து, நாக்கின் மேலாக மெல்ல, கன்று விழுங்க விழுங்க இறக்குங்கள். பிறகு கழுத்தைப் பிடித்துப் பாருங்கள். வளையம் வளையமாக மூச்சுக்குழாய் ஒன்று, அதன் பக்கத்தில் வழவழப்பாக இன்னொரு குழாய் என இரண்டு தட்டுப்பட வேண்டும். ஒன்றுதான் தட்டுப்படுகிறது என்றால் உடனே உருவி எடுங்கள், அது நுரையீரலுக்குப் போகும் வழி.

உறைந்த சீம்பாலை 50 டிகிரிக்கு மேற்படாத நீரில் வைத்து உருக்குங்கள். கொதிநீர் புரதத்தைத் திரித்துவிடும். வேறு பண்ணையிலிருந்து வாங்கினால் ஜோனிஸ் நோய் (தீராத கழிச்சல் தரும் குடல் நோய்) போன்றவையும் கூடவே வரலாம், தவிருங்கள்.

வாய்க்குள் விரல் விட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா? வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழ் காட்டினால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் அமர்த்தி, பின் முழுதும் காய்ந்து போகும்வரை துவட்டுங்கள்.

படி 10: தாய்

நஞ்சுக்கொடி பொதுவாக 12 மணி நேரத்துக்குள் விழும். 24 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் இழுக்காதீர்கள், கல்லையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பை கிழிந்து ரத்தம் போகும். மருத்துவரிடம் சொல்லுங்கள். கருப்பையே வெளியே தள்ளிவிட்டால் மாட்டை நடக்கவிடாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி, மருத்துவர் வரும்வரை அமைதியாக வைத்திருங்கள்.

படி 11: கழிச்சல் வராமல் இடம் மாற்றுவது

முதல் மூன்று வாரத்தில் கன்றைக் கொல்வதில் கழிச்சலுக்கே பெரும் பங்கு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருவான சேண்ட்ஹில்ஸ் முறை, கன்றை நகர்த்தாமல் ஈனாத மாடுகளை நகர்த்துகிறது. முதல் மேய்ச்சல் பட்டியில் ஓரிரு வாரம் ஈனவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, இன்னும் ஈனாதவற்றை மட்டும் புதிய பட்டிக்கு ஓட்டுங்கள். ஈன்றவை கன்றோடு பழைய இடத்திலேயே நிற்கட்டும். ஒவ்வொரு பட்டியிலும் ஓரிரு வார வயது வித்தியாசத்துக்குள் இருக்கும் கன்றுகளே இருப்பதால் பெரியதிடமிருந்து சிறியதற்குத் தொற்றாது. சிறு பண்ணையில் நான்கைந்து வேலித் தடுப்புகள் இருந்தாலே இதைச் செய்யலாம்.

கழிச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்தாதீர்கள். பாலுக்கு இடையே உப்புக்கரைசல் 2 லிட்டர் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். கண் குழிந்து, எழ முடியாமல் கிடந்தால் நரம்பு வழிச் சொட்டு மருந்து தேவை. நோயுற்ற கன்றைக் கடைசியாகக் கவனித்து, கையைக் கழுவுங்கள். கிரிப்டோ என்ற குடல் ஒட்டுண்ணியால் வருவது போன்ற சில கழிச்சல் மனிதருக்கும் தொற்றும்.

படி 12: எழுதிவையுங்கள்

ஒவ்வொரு ஈற்றுக்கும் தேதி, தாயின் எண், கன்று ஆணா பெண்ணா, அதன் எடை, உதவி தேவைப்பட்டதா, தாய் கன்றைச் சேர்த்துக்கொண்டதா என்று அன்றே ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே தேதியில் ஈன வேண்டுமென்றால், 365-இல் 283 போக, ஈன்ற 82 நாளுக்குள் அந்த மாடு மறுபடி சினையாக வேண்டும். எனவே காளையை உள்ளே விடும் தேதியையும் இப்போதே அதே நோட்டில் குறியுங்கள்.