கண்டல் நடப் போகிறவர்களுக்கு

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவுப் பக்கம் போனேன். வற்றிக் கிடந்த சேற்றில் மாணவர்கள் கயிறு பிடித்து வரிசையாகக் கண்டல் (அலையாத்தி) முளைகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். 10 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. குப்பை போடாதே, ஆமை முட்டை எடுக்காதே என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலோரத்தைக் காக்கப் போகிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

வெறும் சேறு என்று நினைப்பது

அன்று நாங்கள் 600 முளைகள் நட்டோம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர், "தம்பி, அது ஓரா மீன் மேய்கிற இடம். அங்கே ஏன் மரம் நடுகிறீர்கள்?" என்று கேட்டார். நிதி தந்தவர்களுக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது; நான் பதில் சொல்லவில்லை. அடுத்த மாரிக்குள் முளைகளில் சிப்பியும் பாசியும் ஏறின. ஒன்றுகூடத் தப்பவில்லை. நாங்கள் மிதித்துக் குழப்பிய சாதாளை என்கிற கடற்புல்லை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கண்டல் எந்நேரமும் மூழ்கி நிற்கும் மரம் அன்று. பெருக்கில் நனைய வேண்டும், வற்றில் வேர் மூச்சுவிட வேண்டும். சாதாளை வளரும் பள்ளத்தில் அதற்கு மூச்சில்லை. அந்தச் சாதாளையோ இறால் குஞ்சுகளின் வீடு. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அதைத்தான். வளர்ந்த ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ அளவில் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

நடுவதற்கு முன், கண்ணா என்கிற கண்டல் வகை தானாக முளைத்து நிற்கும் விளிம்பைத் தேடுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். பழைய கண்டல் காடு பட்டுப்போன இடமென்றால், வீதியோ அணையோ நீரை மறித்திருக்கிறதா என்று பாருங்கள். மறிப்பு நீங்கி நீர் வந்துபோனால், அருகில் தாய்மரம் இருக்கும்வரை விதையும் கூடவே வரும்.

சரணாலயப் பலகைக்குள் மட்டும் காவல்

வடக்கிலுள்ள சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பகுதி 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு நன்னீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு எல்லைக்கு வெளியே நெடுந்தூரம் ஓடி வருகிறது. அங்கும் கண் வையுங்கள்.

ஆமைக் குஞ்சை வாளியில் வைத்துக் காட்டுவது

வேண்டாம்.

வலையில் களைத்த ஆமையை உடனே கடலில் விடுவது

மூழ்கிச் சாகும். மல்லாத்தாமல் நிழலில் வையுங்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்துங்கள். தலையை நிமிர்த்தித் துடுப்பை வலுவாக அசைக்கத் தொடங்கிய பிறகு, படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெல்ல இறக்கிவிடுங்கள்.